கேட்டரிங் கல்லூரியின் கணக்கு

பெங்களூரு பிரேசர் டவுனின் மசூதிச் சாலையில் உள்ள ஆல்பர்ட் பேக்கரி தன் வயதை 1902-இலிருந்து எண்ணுகிறது. பிற்பகலில்தான் கடையில் சூடு பிடிக்கும். கீமா சமோசாவும் மூளை பஃப்ஸும் தட்டுத் தட்டாக வந்து, வந்த வேகத்தில் தீர்ந்துபோகும். நோன்பு மாதத்தில் அந்தச் சாலை முழுக்க ஹலீமும் கபாபும் மணக்கும். பக்கத்து வீலர் சாலையில் தாம்ஸ் பேக்கரி. சந்துகளில் பிரியாணிக் கடைகள். இந்த வட்டாரத்தின் சாப்பாட்டுத் தொழில் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கும், மாஸ்டரிடமிருந்து எடுபிடிப் பையனுக்கும் கைமாறி வந்தது. வேலைக்குச் சேரும்போது யாரும் மார்க் ஷீட் கேட்பதில்லை.

இதே நகரத்தில், இதே தொழிலைப் பட்டமாகவும் பட்டயமாகவும் சொல்லித்தரும் தனியார் கல்லூரிகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. சில பெரிய பல்கலைக்கழகங்களின் துறைகள். சில, வணிக வளாகத்தின் மேல்மாடியில் நான்கு வகுப்பறையும் ஒரு பயிற்சிச் சமையலறையும் வைத்து நடப்பவை. பெயர்ப்பலகையில் மூன்று பாடங்கள் சேர்ந்தே வரும்: பிசினஸ் மேனேஜ்மென்ட், ஹோட்டல் மேனேஜ்மென்ட், டூரிசம். ‘கேட்டரிங் காலேஜ்’ என்று ஊர் ஒரே பெயரில் அழைக்கும் இந்த நிறுவனங்கள் உண்மையில் எதை விற்கின்றன, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கணக்கைப் பார்க்க பிரேசர் டவுன் பொருத்தமான இடம். பரிமாறும் தொழிலும் ஆங்கிலப் படிப்பும் நூறு ஆண்டுகளாக இங்கே பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்திருக்கின்றன.

1809-இல் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாறியது. படையோடு தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும் ஒப்பந்தக்காரர்களும் வந்தார்கள். சமையல்காரர்கள், பட்லர்கள், துணி வெளுப்போர், ரொட்டி சுடுவோர் என்று ஒரு பெருங்கூட்டமும் வந்து தண்டில் (கன்டோன்மென்டில்) குடியேறியது. 1898-இல் பிளேக் பரவி நெரிசலான குடியிருப்புகளைக் காலி செய்தது. அவற்றுக்குப் பதிலாகக் காற்றோட்டமான புதிய பகுதிகளை உருவாக்கும் திட்டத்தில் 1906-இல் வேலை தொடங்கிய புறநகர்தான் பிரேசர் டவுன். நகராட்சிப் பொறியாளர் ஜே.எச். ஸ்டீபன்ஸ் எலி புகாத வீடுகளைத் திட்டமிட்டார். அந்த அனுபவத்தைப் பின்னாளில் நூலாகவும் எழுதினார். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசானாக இருந்து, பிறகு அங்கே ஆங்கிலேய அரசின் பிரதிநிதி (ரெசிடென்ட்) ஆன ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் ஊருக்கு வந்தது. அரசுப் பதிவில் இன்று புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் பிரேசர் டவுன் என்றால்தான் வண்டி நகரும். அருகிலுள்ள ரிச்சர்ட்ஸ் டவுனின் கிளாரன்ஸ் பள்ளி போன்ற ஆங்கிலவழிப் பள்ளிகள் இந்த வட்டாரத்தில் பல தலைமுறைகளை உருவாக்கின. தடுமாறாமல் ஆங்கிலம் பேசும் இளைஞர்களும் விருந்தினருக்குப் பரிமாறிப் பழகிய குடும்பங்களும் ஒரே இடத்தில் கிடைப்பது ஹோட்டல் தொழிலுக்கு வாய்ப்பு. அந்த வாய்ப்பை முதலில் பார்த்தவை ஹோட்டல்கள். கல்லூரிகள் அவற்றின் பின்னால் வந்தன.

உலகக் கதையும் இதே வரிசையில்தான் போகிறது. சுவிட்சர்லாந்தில் சுற்றுலாப் பயணிகள் பெருகி, ஹோட்டல்காரர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆள் கிடைக்காத நிலையில்தான் 1893-இல் லோசான் நகரில் முதல் ஹோட்டல் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-இல் இந்தப் படிப்பைக் கொண்டுவந்தபோதும் அதைக் கேட்டு வந்தது ஹோட்டல் முதலாளிகளின் சங்கமே.

இந்தியாவில் தொடக்கம் வேறு மாதிரி. இங்கே முதலில் வந்தது உணவுப் பற்றாக்குறை. சுதந்திரத்துக்குப் பிந்தைய தானியத் தட்டுப்பாட்டில், அரிசியும் கோதுமையும் குறைந்த உணவை மக்களிடம் பழக்க, மத்திய உணவு அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷியின் துணைவியார் லீலாவதி முன்ஷி தலைமையில் அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் கவுன்சில் ‘அன்னபூர்ணா’ என்ற பெயரில் சிற்றுண்டிச்சாலைகளை நடத்தியது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1954-இல் பம்பாயில் நாட்டின் முதல் கேட்டரிங் கல்லூரி பிறந்தது. சென்னையில் 1963-இல் வந்தது. இன்று அது தரமணியில் இருக்கிறது. இந்த அரசு நிறுவனங்களின் நீண்ட பெயருக்குள் ‘பயன்முறை ஊட்டச்சத்து’ என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பஞ்ச காலமே காரணம். உணவுத் துறையின் கீழ் இருந்த இவை 1982-இல் சுற்றுலாத் துறைக்கு மாறின. பாடத்திட்டத்தையும் தேர்வையும் கவனிக்க ஒரு தேசியக் கவுன்சிலும் அப்போது அமைந்தது. பசியைச் சமாளிக்கத் தொடங்கிய படிப்பு, அந்நியச் செலாவணி ஈட்டும் தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் படிப்பாயிற்று. பெங்களூரு சேஷாத்ரி சாலையில் உள்ள அரசு நிறுவனமும் 1980-களில் தரம் உயர்த்தப்பட்டு அந்த வரிசையில் சேர்ந்தது.

தனியார் உள்ளே வந்ததும் இதே பத்தாண்டில்தான். விண்ட்சர் மேனர் 1982-இல், தாஜ் ரெசிடென்சி 1984-இல் என்று பெங்களூரில் நட்சத்திர ஹோட்டல்கள் எழுந்துகொண்டிருந்தன. 1975-இல் சென்னையில் சோழா ஹோட்டலோடு இந்தத் தொழிலில் இறங்கிய ஐ.டி.சி., மணிப்பாலின் டாக்டர் டி.எம்.ஏ. பை அறக்கட்டளையோடு கைகோத்து 1986-இல் வெல்கம்குரூப் ஹோட்டல் நிர்வாகப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளியை ஒட்டியே ஒரு ஹோட்டல். மாணவர்கள் வகுப்பிலிருந்து நேராக அதன் சமையலறைக்குப் போனார்கள். அங்கே படித்து 1991-இல் பட்டம் பெற்ற விகாஸ் கன்னா, நியூயார்க்கில் மிஷெலின் நட்சத்திரம் பெற்ற உணவகத்தை நடத்தியவர். 1990-களில் பெங்களூரில் கிறைஸ்ட் கல்லூரி, எம்.எஸ். ராமையா கல்விக் குழுமம், ராணுவ நலக் கல்விச் சங்கம் என்று ஒவ்வொன்றாக ஹோட்டல் மேனேஜ்மென்டில் கால் வைத்தன.

இந்தப் பெருக்கத்துக்குக் கர்நாடகமே களமாக அமைந்ததற்குச் சட்டத்தின் பின்னணி உண்டு. சுயநிதிக் கல்லூரி என்ற மாதிரியை 1953-இலேயே மணிப்பாலில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி காட்டிவிட்டது. இடத்துக்காகக் கூடுதலாக வாங்கும் கேபிடேஷன் கட்டணத்தைத் தடுக்க 1984-இல் மாநிலம் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் பேரால் அரசு வெளியிட்ட அறிவிக்கை, வெளிமாநில மாணவர்களிடம் தனியார் மருத்துவக் கல்லூரிகள் ஆண்டுக்கு 60,000 ரூபாய்வரை வாங்க இடம் கொடுத்தது. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணம் 2,000 ரூபாய். மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயின் தும்கூர் கல்லூரி ஒன்றில் இடம் கேட்டு, அந்தத் தொகையைக் கட்ட முடியாமல் உச்ச நீதிமன்றம் போனார். 1992-இல் வந்த தீர்ப்பு கேபிடேஷன் கட்டணத்தைச் சட்டவிரோதம் என்றது. அடுத்த ஆண்டு உன்னி கிருஷ்ணன் வழக்கில், கல்வி வணிகம் ஆகாது என்று நீதிமன்றம் அழுத்திச் சொல்லிக் கட்டணத்துக்குக் கடிவாளம் போட்டது. 2002 அக்டோபர் 31 அன்று 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு நிலையை மாற்றியது: கல்வி நிறுவனம் நடத்துவது அரசமைப்பு தரும் தொழில் உரிமைக்குள் வரும், நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது. அந்த வழக்கின் பெயர் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை எதிர் கர்நாடக அரசு. ஐ.டி.சி.யோடு சேர்ந்து ஹோட்டல் பள்ளி திறந்த அதே அறக்கட்டளை.

நியாயமான உபரிக்கும் கொள்ளை லாபத்துக்கும் நடுவிலுள்ள கோட்டை ஒரு சிறிய கேட்டரிங் கல்லூரியில் எங்கே கிழிப்பது? அதற்கு அதன் வரவு செலவுக்குள் போக வேண்டும்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் செலவு பிடிக்கும் படிப்பு. அடிப்படைப் பயிற்சிச் சமையலறை, மொத்தச் சமையலறை, பேக்கரி, பயிற்சி உணவகம், ஒரு மாதிரி பார், ஒரு மாதிரி விருந்தினர் அறை, சலவைக்கூடம், முன்அலுவலக கவுன்டர் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு செய்முறை வகுப்புக்கும் காய்கறியும் இறைச்சியும் வெண்ணெயும் எரிவாயுவும் கரையும். பிசினஸ் மேனேஜ்மென்டுக்கு ஒரு கரும்பலகை போதும். டூரிசத்துக்குக் கணினி அறை கூடுதல். கணக்கியல், சந்தையியல், தொடர்பியல் ஆசிரியர்கள் மூன்று பிரிவுக்கும் பொது. பெயர்ப்பலகையில் மூன்றும் சேர்ந்து நிற்பதற்குப் பின்னால் இந்தச் சிக்கனம் இருக்கிறது. மலிவான படிப்பின் வருமானம் செலவுள்ள படிப்பைத் தாங்க வேண்டும். தாங்காத இடத்தில் முதலில் அடிவாங்குவது செய்முறை வகுப்பு. ஒவ்வொரு மாணவனும் ஒரு கோழியை வெட்டிப் பழக வேண்டிய இடத்தில் பத்துப் பேர் சுற்றி நின்று ஒருவன் வெட்டுவதைப் பார்ப்பார்கள்.

செய்முறை ஒழுங்காக நடக்கும் கல்லூரியில் முதலாண்டு மாணவன் வாரக்கணக்கில் கேரட்டோடு மல்லுக்கட்டுவான். 3 மில்லிமீட்டர் கனத்தில் நீள நீளமாகத் தீக்குச்சிபோல் நறுக்கினால் ஜூலியன். அதையே திருப்பிப் போட்டுப் பொடிக் கட்டங்களாக்கினால் புருனுவா. அளவு பிசகினால் மறுபடி முதலிலிருந்து. பிறகு பெஷமெல், வெலூட்டே, எஸ்பன்யோல், தக்காளி, ஹாலண்டேஸ் என்று ஐந்து தாய் சாஸ்கள். பாரிசிலும் லண்டனிலும் ஹோட்டல் சமையலறைகளை நடத்திய எஸ்காஃபியே 1903-இல் நூலாக ஒழுங்குபடுத்திய பிரெஞ்சு முறையே இன்றும் முதலாண்டின் அடித்தளம். பிரியாணியும் வட்டாரச் சமையலும் இரண்டாம் ஆண்டில், மொத்தச் சமையல் பாடத்தில் வரும். மாடி வகுப்பில் பையன் பெஷமெல் கிண்டிக்கொண்டிருக்கும்போது கீழே மசூதிச் சாலையில் பிரியாணி தம்மில் இருக்கும். இதைக் குறையாகவும் சொல்ல முடியாது. நட்சத்திர ஹோட்டலின் சமையலறை உலகெங்கும் அந்தப் பிரெஞ்சு ஒழுங்கில்தான் இயங்குகிறது. அங்கே வேலைக்குப் போகிறவனுக்கு அது தெரிந்தாக வேண்டும். மாதிரி அறையில் விரிப்பின் மூலையை 45 பாகையில் மடித்து மெத்தைக்கடியில் செருகுவதும், பரிமாறும்போது எந்தப் பக்கத்திலிருந்து தட்டை வைப்பது என்பதும் அந்த ஒழுங்கின் பகுதியே.

ஆனால் படிப்பின் அச்சு வகுப்பறையில் இல்லை. அது டிரெய்னிங்கில் இருக்கிறது.

தேசியக் கவுன்சிலின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டின் ஒரு பருவம் நீண்ட காலமாக 17 வாரத் தொழிற்பயிற்சிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. சமையல், பரிமாறல், முன்அலுவலகம், ஹவுஸ்கீப்பிங் என்று நான்கு துறைகளிலும் சுமார் நான்கு வாரம். கர்நாடகப் பல்கலைக்கழகங்களின் நான்காண்டு பி.எச்.எம். படிப்பிலும் ஒரு பருவம் இப்படிப் போகும். மாணவன் கறுப்பு ஷூவும் பதிவேடுமாக ஹோட்டலின் ஊழியர் வாசலில் நுழைவான். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், நடுவில் சில மணி நேரம் இடைவெளி விட்டு மறுபடி அழைக்கும் பிரேக் ஷிப்ட். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பதும், கல்யாண விருந்துக்கு நூற்றுக்கணக்கில் கண்ணாடி டம்ளர் துடைப்பதும், ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் அறைகளைச் சுத்தம் செய்வதும் அந்தப் பதிவேட்டில் கற்றல் என்று ஏறும். தினமும் எழுதிய பக்கத்தில் துறைத் தலைவர் கையெழுத்துப் போடுவார்.

இங்கேதான் மூன்று தரப்பின் கணக்கும் சந்திக்கிறது. ஹோட்டலுக்குக் குறைந்த செலவில் ஆள் கிடைக்கிறது; அதிலேயே நல்ல ஆளைப் பார்த்து வைத்துக்கொள்ளவும் முடிகிறது. கல்லூரிக்கு அந்தப் பருவம் முழுக்கச் சமையலறைச் செலவு இல்லை. கட்டணம் மட்டும் குறையாது. மாணவனுக்குப் பெரிய ஹோட்டலின் பெயர் பயோடேட்டாவில் ஏறுகிறது. கைச்செலவுக்குச் சிறு தொகை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கல்லூரி விற்பது பாடத்தைவிட இந்த வாசல் நுழைவைத்தான். பெயருள்ள கல்லூரியின் மாணவனுக்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் நான்கு துறையும் சுழற்சியாகக் கிடைக்கும். பெயரில்லாத கல்லூரியின் மாணவன் 17 வாரமும் பாங்க்வெட் ஹாலில் தட்டுத் தூக்கிவிட்டு வருவான். இருவர் சான்றிதழிலும் ‘தொழிற்பயிற்சி முடித்தார்’ என்ற ஒரே வரிதான் இருக்கும்.

சான்றிதழைப் பற்றிப் பேசினால், அதை யார் தருகிறார்கள் என்ற கேள்வி உடனே வரும். 1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும் நாடாளுமன்றம் அதிகாரமளித்த நிறுவனத்துக்கும் மட்டும். தனிக் கல்லூரி ஏதாவதொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டயமோ சான்றிதழோதான் தர முடியும். இணைப்பு பெற இடமும் நூலகமும் தகுதியுள்ள ஆசிரியர்களும் காட்ட வேண்டும்; ஆய்வுக்குழு வரும். அதைத் தாண்ட முடியாத சிறு நிறுவனங்கள் பக்கவாசல் ஒன்றைக் கண்டுபிடித்தன. தொலைநிலைக் கல்வி தரும் ஏதோவொரு பல்கலைக்கழகத்தின் ‘படிப்பு மையம்’ என்று பதிந்துகொண்டு, வகுப்பைத் தாங்கள் நடத்தி, பட்டத்தை அங்கிருந்து வாங்கித் தருவது. 2013 ஜூனில் மானியக் குழு இதற்குக் கதவடைத்தது: மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது.

அதன் அடி கர்நாடகத்திலேயே பலமாக விழுந்தது. மைசூரில் 1996-இல் தொடங்கிய கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மாநிலத்துக்கு உள்ளும் வெளியிலும் தனியார் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து படிப்புகள் நடத்திவந்தது. விதிமீறல் என்று சொல்லி, 2012-13 கல்வியாண்டுக்குப் பிறகு அதற்கு அங்கீகாரம் இல்லை என 2015-இல் மானியக் குழு அறிவித்தது. கட்டணம் கட்டி, தேர்வு எழுதி, வேலைக்கும் விண்ணப்பித்துவிட்ட ஆயிரக்கணக்கான மாணவர்களின் பட்டம் செல்லுமா என்ற கேள்வி நீதிமன்றங்களில் அலைந்தது. 2018-19 முதல் பல்கலைக்கழகத்துக்கு மீண்டும் அங்கீகாரம் கிடைத்தது. நடுவில் போன ஆண்டுகளுக்கு மாணவர்களே விலை கொடுத்தார்கள்.

வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பெங்களூருக்குப் படிக்க வரும் பிள்ளைகளே இத்தகைய குழப்பத்தில் அதிகம் சிக்குகிறார்கள். ஊரில் இருக்கும் ஏஜென்ட் கல்லூரியைத் தேர்ந்து கொடுப்பார். சேர்க்கைக்குக் கல்லூரி அவருக்குக் கமிஷன் கொடுக்கும். அந்தக் கமிஷன் எப்படியும் மாணவன் கட்டும் பணத்திலிருந்துதான் வரும். இணைப்பு எந்தப் பல்கலைக்கழகத்தோடு, எந்த ஆண்டுவரை என்று கேட்கும் பழக்கம் பெற்றோரிடம் குறைவு. 2017-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தையே மூன்றாகப் பிரித்தபோது, ஒரே சாலையில் உள்ள கல்லூரிகள்கூட வேறு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்றாயிற்று. 2024-25 முதல் பி.பி.ஏ. போன்ற படிப்புகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் ஒப்புதலும் தேவை. தேசியக் கல்விக் கொள்கையின்படி 2021-இல் நான்காண்டுப் பட்ட முறைக்குப் போன கர்நாடகம் 2024-இல் பொதுப் பட்டங்களை மூன்றாண்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. இத்தனை மாற்றத்துக்கும் ஈடுகொடுக்கப் பெரிய நிறுவனத்தில் தனி அலுவலகம் உண்டு. மேல்மாடிக் கல்லூரியில் முதல்வரே எழுத்தரும் ஆவார்.

மூன்று பாடங்களில் நிலம் அதிகம் நகர்ந்தது டூரிசத்தில். விமானச் சீட்டுப் பதிவு, பயணத்திட்டம் தயாரித்தல், ஏஜென்சி நிர்வாகம் என்று பாடத்திட்டம் வகுக்கப்பட்ட காலத்தில் டிராவல் ஏஜென்சிகள் விமான நிறுவனக் கமிஷனில் வாழ்ந்தன. அந்தக் கமிஷன் படிப்படியாகச் சுருங்கியது. பஸ் சீட்டை இணையத்தில் விற்கும் ரெட்பஸ் 2006-இல் தொடங்கியது இதே பெங்களூரில்தான். அதை உருவாக்கியவர்கள் பொறியாளர்கள். உணவிலும் அப்படி. நின்றபடி சாப்பிடும் தர்ஷினி முறை 1983-இல் ஜெயநகரில் பிறந்து நகரத்தின் சாப்பாட்டு வழக்கத்தையே மாற்றியது; அது எந்தப் பாடத்திட்டத்திலிருந்தும் வந்ததில்லை. 2021-இல் இந்திராநகரில் தொடங்கி வரிசையில் நிற்கவைத்த ராமேஸ்வரம் கஃபேயின் நிறுவனர்களில் ஒருவர் பட்டயக் கணக்காளர், மற்றவர் இயந்திரப் பொறியாளர். சொந்தமாகக் கடை போட நினைப்பவருக்குக் கேட்டரிங் பட்டம் கட்டாயமில்லை என்பதை பெங்களூரு பலமுறை காட்டியிருக்கிறது. அடுக்கடுக்கான பதவிகள் கொண்ட பெரிய ஹோட்டலில், கப்பலில், விமான நிறுவனத்தில், வளைகுடா நாட்டில் வேலைக்குப் போக விரும்புபவருக்குத்தான் அந்தப் பட்டம் நுழைவுச்சீட்டு.

அந்த வேலைகளும் உலக நிலவரத்தோடு ஆடுபவை. 2019-இல் 1 கோடியே 9 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் பயணிகள் இந்தியா வந்தார்கள். கொரோனா தொடங்கிய 2020-இல் அந்த எண்ணிக்கை சுமார் 27 லட்சமாக விழுந்தது. ஹோட்டல்கள் மூடிய அந்த ஆண்டில் டிரெய்னிங்குக்கு அனுப்ப இடமில்லை. கேரட் நறுக்குவதைத் திரையில் பார்த்துக் கற்றவர்கள் உண்டு. வேலை இழந்தவர்களில் பலர் மருத்துவமனை விருந்தினர் சேவை, சில்லறை விற்பனை, கிளவுட் கிச்சன் என்று சிதறினார்கள். பயணிகள் திரும்பியபோது ஹோட்டல்கள் ஆள் இல்லை என்று முறையிட்டன. ஆனால் தொடக்கச் சம்பளமும் பத்துப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் பெரிதாக மாறாததால், போனவர்களில் ஒரு பகுதி திரும்பவில்லை.

ஆகவே சீர்திருத்தம் என்று பேசினால் அது பாடத்திட்டத்தோடு நின்றுவிட முடியாது. டிரெய்னிங்கின் செலவை யார் ஏற்பது என்பதைத் தொட வேண்டும். 1961-ஆம் ஆண்டு பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் பதிவாகும் பயிற்சியாளருக்கு உதவித்தொகை கட்டாயம். 2019-இல் திருத்திய விதிகள் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய்வரை குறைந்தபட்சத் தொகை வைத்தன. பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள்ளேயே இணைக்கும் வழிகாட்டுதலை மானியக் குழு 2020-இல் வெளியிட்டது. ஹோட்டல் டிரெய்னிங்கோ பெரும்பாலும் கல்லூரியும் ஹோட்டலும் எழுதிக்கொள்ளும் கடிதத்தின்மேல் ஓடுகிறது. உதவித்தொகை, வேலை நேரம், துறைச் சுழற்சி மூன்றும் அந்தக் கடிதத்தைப் பொறுத்தவை. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒரு பெற்றோர் பார்க்க வேண்டிய தாள்கள் இரண்டு: நடப்பு ஆண்டின் பல்கலைக்கழக இணைப்பு ஆணையும், கடந்த ஆண்டு மாணவர்களை எந்த ஹோட்டலுக்கு என்ன நிபந்தனையில் அனுப்பினார்கள் என்று காட்டும் கடிதமும். வழவழப்பான விளக்கக் கையேட்டில் நீச்சல்குளமும் வெளிநாட்டுக் கொடிகளும் இருக்கும். இந்த இரண்டு தாள்களும் அலுவலகக் கோப்பில் இருக்கும். கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.